மின்மோட்டரும் பின்மின்னியக்க விசையும்

நேரோட்ட மின்மோட்டர் ஒன்றை முதன்முதலாக அளந்து பார்க்கும் மாணவன் ஐயுறுவது பெரும்பாலும் தன் கருவிகளையே. சுருளின் தடையை அளக்கின்றான். 2 ஓம் எனக் காண்கின்றான். 6 உவோற்று மின்கலவடுக்கொன்றை அதனோடு இணைக்கின்றான். ஓமின் விதிப்படி 3 அம்பியர் ஓடுதல் வேண்டும். மோட்டர் குறைவின்றிச் சுழல்கின்றது, அம்பியர்மானியோ 0.3 அம்பியரே காட்டுகின்றது. இணைப்புக்களை இறுக்குகின்றான், மானியை மாற்றுகின்றான், தடையை மீண்டும் அளக்கின்றான். எங்கும் பழுதில்லை. அச்சைக் கையாற் பற்றி நிறுத்திய கணத்தில் முள் 3 அம்பியரை நோக்கிப் பாய்கின்றது. கையை விட்டதும் இறங்குகின்றது. பின்னர் ஆளியைத் திறந்து அடுக்கை விலக்கினால் உவோற்றுமானி உடனே சுழியத்தைக் காட்டவேண்டுமன்றோ? அதுவுமில்லை. மின்முதல் யாதும் இணைக்கப்படாத முனைகளில் ஐந்து உவோற்றளவு நின்று, சுழற்சி தளரத் தளர மெல்லக் குறைந்து, அச்சு ஓய்ந்தபின்னரே முள் சுழியத்தை அடைகின்றது.

இன்றைய பாடநூல்கள் இதற்கு இரண்டு வரிகளில் விடை கூறிவிடும். சுழலும் மோட்டர் தானே ஒரு தைனமோவாகவும் தொழிற்படுகின்றது. அதில் எழும் மின்னியக்க விசை அடுக்கின் விசையை எதிர்க்கின்றது. அதுவே பின்மின்னியக்க விசை. இவ்விரண்டு வரிகளையும் உலகம் கற்றுக்கொள்ள ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. அவ்வரை நூற்றாண்டிற் பலருடைய உழைப்பும் செல்வமும் நம்பிக்கையும், ஓர் அரசாங்கத்தின் பொதுப்பணமுங்கூட, இக்குறைந்த அளவீட்டின் பொருள் விளங்காமையால் அழிந்தன. விளங்கிய பின்னரும் ஒரு சரியான விதியைப் பிழையாகப் படித்தமையால் மின்மோட்டர் மேலும் பல ஆண்டுகள் விளையாட்டுப் பொருளாகவே மதிக்கப்பட்டது.

1820 ஆம் ஆண்டிலே கொப்பன்ஹேகன் நகரில் ஏர்ஸ்ரெட் என்னும் பேராசிரியர், மின்னோடும் கம்பிக்கருகே வைத்த காந்த ஊசி திரும்புதலைக் கண்டு வெளியிட்டார். அவ்வாண்டிலேயே கம்பியைப் பலமுறை சுற்றி அவ்விளைவைப் பெருக்கும் கருவி தோன்றிற்று; பிற்காலக் கல்வனோமானிக்கு அதுவே மூலம். அடுத்த ஆண்டு செத்தெம்பரில் இலண்டன் அரச நிலையத்திலே மைக்கேல் பரடே, இரசம் நிரம்பிய கிண்ணமொன்றில் மின்னோடும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி இடையறாது சுழலச் செய்தார். மின்னால் இயக்கம் பிறக்கும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1831 ஓகஸ்ற் 29 ஆம் நாள், அதே பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டார்; அவ்வாண்டு ஒற்றோபரில் காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டொன்றைச் சுழற்றி மின்னைப் பெற்றார். இயக்கத்தால் மின் பிறக்கும் என்பதும் நிலைநாட்டப்பட்டது.

ஒரே மனிதர் ஒரே நிலையத்திற் கண்ட இவ்விரண்டு உண்மைகளும் ஒரே பொறியில் ஒரே கணத்தில் நிகழக்கூடியவை என்பதை அக்காலத்தார் எண்ணிப் பார்த்திலர். காந்தப் புலத்திற் சுருளொன்று மின்னாற் சுழலுமாயின், அச்சுருள் காந்தப் புலத்தில் இயங்குகின்றது. இயங்குமாயின் அதனுள் மின்னியக்க விசை தூண்டப்பட்டே ஆகவேண்டும். இன்று எளிதாகத் தோன்றும் இவ்வனுமானத்தை முதலில் வரம்பு செய்து உரைத்த பெருமை எமில் லென்ஸ் என்பவருக்குரியது. தோர்ப்பாற்று நகரில் 1804 இற் பிறந்து, கப்பலேறி உலகைச் சுற்றிக் கடல்நீரை ஆராய்ந்து, பின் சென் பீற்றேர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்தில் அமர்ந்த இவர், 1833 நவம்பரில் அக்கழகத்தில் ஓர் ஆய்வுரையை வாசித்தார். தூண்டப்படும் மின்னோட்டம் தன்னைத் தூண்டிய இயக்கத்தை எதிர்க்கும் திசையிலேயே ஓடும் என்பது அதன் முடிபு. மின்னால் இயக்கம் நிகழும் ஒவ்வோரமைப்புக்கும், இயக்கத்தால் எதிர்த்திசை மின் பிறக்கும் அமைப்பொன்று இணையாக உண்டு என்பதையும் அவ்வுரை கொண்டிருந்தது. மோட்டர் என்னும் பொறி உலகில் உருப்பெறுமுன்னரே அதன் உள்ளியல்பு கூறப்பட்டுவிட்டது. ஆயினும், விதியை அறிதல் ஒன்று; தன் மேசைமேற் சுழலும் பொறியில் அவ்விதியை இனங்காணுதல் மற்றொன்று.

அப்பொறியை ஆக்கியவருள் முதன்மையானவர் மோரிற்ஸ் யக்கோபி. போற்ஸ்டாம் நகரில் 1801 இற் பிறந்த இவர் கட்டடக் கலை பயின்றவர். புகழ்பெற்ற கணித மேதை காள் யக்கோபி இவருடைய தம்பி. 1834 ஆம் ஆண்டு மே மாதத்தில் கோனிக்ஸ்பேர்க்கில் இவர் அமைத்த பொறியிலே, நிலைத்த மின்காந்தங்களின் முன்னே வேறு மின்காந்தங்கள் அச்சொன்றிற் சுழன்றன. உரிய நேரத்தில் மின்னோட்டத்தின் திசையை மாற்றத் திக்குமாற்றி ஒன்றும் அமைந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு இறாத்தல் நிறையைச் செக்கனுக்கு ஓரடி உயர்த்தக்க வலுவே அதற்கிருந்தது. எனினும் ஆடியும் துள்ளியும் இயங்கிய முந்தைய பொறிகளைப் போலன்றி அது நேராகச் சுழன்று வேலை செய்தது. அவ்வாண்டின் இறுதியிற் பாரிசு விஞ்ஞானக் கழகத்துக்கும் இதுபற்றி அறிவித்தார்.

அக்காலத்து நம்பிக்கையை இன்று உணர்தல் கடினம். நீராவிப் பொறிக்கு உலையும் கொதிகலமும் வேண்டும். அது வெடித்து மனிதரைக் கொல்லும். மின்காந்தமோ ஓசையின்றி, புகையின்றி, கண்ணிமைக்கும் பொழுதிற் கவர்ந்து கண்ணிமைக்கும் பொழுதில் விடுகின்றது. பத்துத் தூக்கும் காந்தத்தை நூறு தூக்கச் செய்வதற்குக் கம்பியை மேலும் சில முறை சுற்றினாற் போதும். அச்சின் உராய்வொன்றைத் தவிர இப்பொறியைத் தடுப்பது யாது? உராய்வு சிறிதாயின் வேகம் மேலும் மேலும் பெருகவேண்டுமன்றோ? இவ்வாறு எண்ணியவர்கள் அறிவிலிகளல்லர். சக்திக் காப்பு விதி இன்னும் வகுக்கப்படாத காலம் அது. இன்மையிலிருந்து வேலையைப் பெறலாகாது என்பது பொறிமுறையில் ஏற்கப்பட்டிருந்தும், மின்னுக்கும் காந்தத்துக்கும் அது பொருந்துமோ என்பதைத் துணிந்து கூற எவராலும் இயலவில்லை.

பொறியோ அவர்கள் எண்ணியபடி நடந்திலது. தொடக்கத்தில் விரைவு கூடிற்று. பின்னர் ஒரு வேகத்தில் நின்றுவிட்டது. மின்சுற்றிற் கல்வனோமானியை வைத்துப் பார்த்தபொழுது, நின்ற பொறியில் மிகுந்திருந்த மின்னோட்டம் சுழல்கின்ற பொறியிற் குறைந்திருந்தது. விரைவு மிக மிக மேலும் குறைந்தது. அடுக்கு சோர்ந்துவிட்டதோ, திக்குமாற்றியின் தொடுகை நெகிழ்ந்ததோ என ஐயுறுதற்கு எல்லா நியாயமும் இருந்தது. அக்கால அடுக்குகள் உண்மையிலேயே விரைவிற் சோர்வன, தொடுகைகளும் உண்மையிலேயே நெகிழ்வன. பழுது உண்மையாக இருக்கக்கூடிய இடத்திலேயே பழுதல்லாத ஒன்றும் ஒளிந்திருந்தது. ஆனாற் பொறியை நிறுத்தியவுடன் மின்னோட்டம் பழைய அளவுக்கு மீண்டது. சோர்ந்த அடுக்கு அங்ஙனம் மீளாது. யக்கோபி இதனைப் பழுதெனத் தள்ளாமல், பரடேயின் தூண்டலே தம் பொறியினுள் எதிராக எழுகின்றது எனக் கண்டுகொண்டார்.

1837 இல் அவர் உருசியத் தலைநகரை அடைந்து லென்ஸுடன் சேர்ந்து உழைத்தமை இவ்வரலாற்றின் நற்பேறு எனலாம். எதிர்க்கும் விதியை வகுத்தவரும் எதிர்ப்புக்குள்ளான பொறியை ஆக்கியவரும் ஒரே நகரில் மின்காந்தங்களை ஒருங்கே ஆராய்ந்தனர். பேரரசர் முதலாம் நிக்கலசின் அரசு பணம் வழங்கிற்று. 1838 செத்தெம்பரில் நேவா ஆற்றிலே மின்மோட்டராற் சக்கரஞ் சுழலும் படகொன்று ஓடிற்று. 320 இணைத் தகடுகள் கொண்ட அடுக்கு அதற்கு வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு பிளாற்றினமும் நாகமும் கொண்ட வலிய கலங்களுடன் பன்னிரண்டுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு படகு மீண்டும் ஓடிற்று; அதன் வேகம் மனிதர் நடக்கும் வேகத்தின் அளவே. அக்கலங்களிலிருந்து எழுந்த நைற்றிக் அமிலப் புகை படகிலிருந்தோரை வருத்தியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்வனுபவங்களின் பயனாக 1840 ஆம் ஆண்டளவில் யக்கோபி தம் பெயரால் வழங்கும் விதியை வெளியிட்டார். கொடுக்கப்பட்ட ஓரடுக்கிலிருந்து மோட்டர் பெறும் வேலைவீதம் எப்பொழுது உச்சமாகும்? மின்னோட்டம், பொறி நிற்கும்பொழுது இருந்த அளவிற் பாதியாகக் குறையும்போது என்பது அவர் கண்ட விடை. அதாவது, பின்மின்னியக்க விசை அடுக்கின் விசையிற் பாதியாக எழும்போது. அவ்விதி முற்றும் சரியானது. அதன் பின்வரலாறுதான் வருந்தத்தக்கது. அதனைப் பின்னர்க் காண்போம்.

உருசியாவில் இவை நிகழ்ந்த நாளில், இங்கிலாந்தில் மன்செஸ்ரருக்கு அருகே மதுவடிசாலையொன்றின் உரிமையாளர் மகனாகிய யேம்ஸ் யூல் என்னும் இளைஞர் தம் வீட்டிலேயே மின்மோட்டர்களை ஆக்கிக்கொண்டிருந்தார். இருபது வயதில் அவரும் எல்லோரையும் போல, நீராவியின் இடத்தை மின்காந்தம் விரைவிற் பெறும் என நம்பினார். ஆனால் அவர் அளப்பவர். ஓர் இறாத்தல் நாகம் அடுக்கிற் கரையும்போது எவ்வளவு நிறை ஓரடி உயர்கின்றது என்று கணக்கெடுத்தார். 1841 இல் மன்செஸ்ரரில் ஆற்றிய விரிவுரையில் அவர் கூறிய எண்கள் இவை: ஓர் இறாத்தல் நாகம் 331,400 இறாத்தலை ஓரடி உயர்த்தும், கோண்வால் சுரங்கங்களின் சிறந்த நீராவிப் பொறியில் ஓர் இறாத்தல் நிலக்கரி 1,500,000 இறாத்தலை ஓரடி உயர்த்தும். நாகம் நிலக்கரியினும் எத்தனையோ மடங்கு விலையுயர்ந்தது. மின்காந்தத்தைச் சிக்கனமான வலுமூலமாகக் கொள்ளும் நம்பிக்கையைத் தாம் கைவிடும் நிலையில் இருப்பதாக அவர் வெளிப்படையாகவே கூறினார்.

கைவிட்டது மோட்டரை, அளவீட்டையன்று. மின்னோட்டம் குறைந்தால் அடுக்கில் நாகமும் குறைவாகவே கரைகின்றது. சுற்றிற் பிறக்கும் வெப்பமும் குறைகின்றது. குறைந்த வெப்பம் எங்கே சென்றது? மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் ஏற்ப வெப்பம் பிறக்கும் என்பதை யூல் முன்னரே கண்டிருந்தார். பொறி செய்த வேலைக்கு ஈடாகச் சுற்றின் வெப்பக் கணக்கிற் குறைவு விழுகின்றது என்ற எண்ணம் அவரை வெப்பத்தின் பொறிமுறைச் சமவலுவுக்கு இட்டுச் சென்றது. 1843 இல் வெளிவந்த அவ்வாய்வு மின்காந்தப் பொறியொன்றைக் கொண்டே செய்யப்பட்டது. மோட்டர் ஆக்கியோருக்கு ஏமாற்றமாகத் தோன்றிய குறைவு, பௌதிகவியலின் பெருவிதிகளுள் ஒன்றுக்கு வாயிலாக அமைந்தமை பலரும் மறந்துவிடும் செய்தி.

இவ்வாய்வுகள் எட்டாத இடங்களில் வேறு கதை நடந்தது. அமெரிக்காவில் வேர்மொன்ற் மாநிலத்துக் கொல்லர் தோமஸ் டேவன்போட், இரும்புத் தாதைப் பிரிக்கச் சுரங்கத்திற் பயன்பட்ட மின்காந்தமொன்றைக் கண்டு மயங்கி, கைப்பணம் முழுவதையும் கொடுத்து அதனை வாங்கினார். கம்பிக்குக் காப்பிட அவருடைய மனைவியார் தம் மணப்பட்டையைக் கிழித்துக் கொடுத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. 1837 பெப்ரவரி 25 இல் மின்மோட்டருக்கு ஆக்கவுரிமைப் பத்திரமும் பெற்றார். அச்சுப்பொறியையும் சிறு வண்டியையும் ஓட்டிக் காட்டினார். எதுவும் பயனளிக்கவில்லை, வறுமையிற் சோர்ந்து 1851 இல் இறந்தார். அதே 1851 இன் ஏப்ரில் 29 ஆம் நாள், அமெரிக்கப் பேரவை வழங்கிய 20,000 டொலரைக் கொண்டு சாள்ஸ் பேஜ் அமைத்த மின்வண்டி வாசிங்டனிலிருந்து பிளேடன்ஸ்பேர்க்குக்குப் புறப்பட்டது. மணிக்கு 19 மைல் வேகத்தையும் தொட்டது. ஆனால் வழியெல்லாம் கலங்களின் மட்சுவர்கள் வெடித்தன. சுருள்களின் காப்பு தீய்ந்தது. திரும்பி வந்துசேர்ந்ததே பெரிதாயிற்று. பேஜ் கற்றறிந்தவர், தூண்டலை நன்கு ஆராய்ந்தவர். அவரை வீழ்த்தியது அறியாமையன்று, நாகத்தின் விலையும் மண்கலங்களின் நொய்மையும். டேவன்போட்டோ தம் பொறி ஏன் ஒரு வேகத்துக்கு மேற் செல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் இல்லாமல் மறைந்தார்.

யக்கோபியின் விதிக்கு நேர்ந்ததை இனிக் கூறலாம். உச்ச வேலைவீதத்தின்போது அடுக்கு தரும் சக்தியிற் பாதி வேலையாகின்றது. பாதி கம்பிகளில் வெப்பமாக அழிகின்றது. இதனைப் படித்தோர் பலர், மின்மோட்டரின் வினைத்திறன் ஒருபோதும் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டாது என்று முடிவு கட்டினர். வேலை மிக விரைவிற் கிடைக்கும் நிலையையும் சக்தி மிகக் குறைவாக வீணாகும் நிலையையும் ஒன்றெனக் கொண்டமையே பிழை. அப்பிழையை ஓர் எளிய கணக்குக் காட்டிவிடும். 100 உவோற்று மின்முதலும், சுற்று முழுவதற்கும் 1 ஓம் தடையும் உள்ள மோட்டரொன்றைக் கொள்க. பொறி நிற்கும்போது 100 அம்பியர் ஓடும். 10,000 உவாற்று முழுதும் வெப்பமாகும், வேலை ஏதுமில்லை. பின்மின்னியக்க விசை 50 உவோற்றாகும் வேகத்தில் 50 அம்பியர் ஓடும். பெறுவது 5,000 உவாற்று, அதில் 2,500 வேலையாகும். இதுவே யக்கோபியின் உச்சம். இனி, பாரத்தைக் குறைத்து வேகம் கூடவிட்டால், பின்மின்னியக்க விசை 90 உவோற்றாகும். மின்னோட்டம் 10 அம்பியராகும். பெறுவது 1,000 உவாற்று, வேலையாவது 900. வேலை குறைந்தது, வினைத்திறனோ நூற்றுக்குத் தொண்ணூறாயிற்று. 900 உவாற்று போதாதெனின் தடை குறைந்த பெரிய பொறியை ஆக்கிக்கொள்ளலாமன்றோ? வினைத்திறனைத் தீர்மானிப்பது பின்மின்னியக்க விசைக்கும் மின்முதலின் விசைக்கும் உள்ள விகிதமே. எதிர்விசை எவ்வளவு நெருங்கி எழுகின்றதோ அவ்வளவுக்குப் பொறி நல்லது. முன்னோர் பகையெனக் கண்ட அளவீடு, பொறி தரும் பயனின் அளவாக அமைந்தது.

இத்தவறான முடிவுக்கு யக்கோபியைக் குறைகூறுதல் முறையன்று. குறித்த சில கலங்களோடு படகேறியவருக்கு அவற்றிலிருந்து பெறத்தக்க முழு வலுவே தேவை. அவர் கேட்ட கேள்விக்கு அவர் விடை சரியானது. மின்முதல் விலைமலிந்தபின், கேள்வி மாறியதைக் கவனியாது பழைய விடையையே பற்றிநின்றோரிடத்திலேயே தவறுண்டு.

மின்முதலின் விலையை மாற்றியது தைனமோ. 1866, 1867 ஆம் ஆண்டுகளில் வேர்னர் சீமன்ஸ் முதலியோர் தன்மின்னாலேயே தன் காந்தத்தை வளர்க்கும் தைனமோவை வெளிப்படுத்தினர். பாரிசில் வாழ்ந்த பெல்ஜியரான செனோப் கிறாம் வளையச் சுருளொன்றை ஆமேச்சராக அமைத்துத் தடையறாத நேரோட்டத்தைப் பெற்றார். 1873 இல் வியன்னாப் பொருட்காட்சியில் ஒரு கிறாம் பொறி மின்னைப் பிறப்பிக்க, நீண்ட கம்பிகளின் மறுமுனையில் மற்றொரு கிறாம் பொறி மோட்டராகச் சுழன்று நீரிறைத்தது. வேலையாளொருவன் தவறுதலாகக் கம்பிகளை இணைத்தமையால் இது வெளிப்பட்டதென்று ஒரு கதையுண்டு. ஒரே பொறி இருவகையாலும் தொழிற்படும் என்பதை இத்தாலியரான பசினொற்றி 1865 இலேயே எழுதி வெளியிட்டிருந்தமையால், அக்கதையை அவ்வளவாக நம்பவேண்டுவதில்லை. ஆயினும் லென்ஸ் நாற்பதாண்டுகளுக்கு முன் எழுத்திற் கூறிய இருதலை இயல்பைப் பொதுமக்கள் கண்ணாற் கண்ட இடம் வியன்னாவே. தைனமோவும் மோட்டரும் ஒன்றேயெனில், மோட்டர் சுழலும்போது அது தைனமோவாகவும் இருக்கும் என்பதில் வியப்பென்ன?

1879 இல் பேர்லின் பொருட்காட்சியிற் சீமன்ஸின் சிறு மின்வண்டி மக்களை ஏற்றி ஓடிற்று. எனினும் ஐயம் நீங்கவில்லை. 1882 இல் மியூனிக் கண்காட்சிக்கு மார்செல் தெப்பிரே 57 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மீஸ்பாக்கிலிருந்து சாதாரணத் தந்திக் கம்பிவழியே வலுவைக் கொணர்ந்தார். கிடைத்த வலு சிறிதாகவே இருந்தமையால் நம்பாதாரும் இருந்தனர். இலண்டனிற் சில்வானஸ் தொம்சன் 1884 இல் வெளியிட்ட தைனமோ பற்றிய பெருநூலில் யக்கோபியின் விதியையும் வினைத்திறன் விதியையும் வேறு வேறாக நிறுத்தி, இரண்டையும் குழப்பியோரின் பிழையை விளக்கினார். பொறியியல் மாணவர் பல தலைமுறையினர் அந்நூலையே கற்றமையின், குழப்பம் மெல்ல அகன்றது.

அகல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதுவரை உவோற்றளவை நேராகக் காட்டும் கருவி பட்டறைகளில் இருந்திலது. யக்கோபி கண்டது மின்னோட்டத்தின் குறைவையே. எதிர்விசையை அவர் உய்த்துணர வேண்டியிருந்தது. 1881 ஆம் ஆண்டுப் பாரிசு மின்னியல் மாநாட்டில் உவோற்று, ஓம், அம்பியர் ஆகிய அலகுகள் நாடுகளுக்குப் பொதுவாயின. அக்காலத்தை ஒட்டி அயற்றன், பெரி ஆகியோரின் மானிகளும், 1888 இல் வெஸ்ரனின் கையடக்க உவோற்றுமானியும் தோன்றின. இனி எவரும் மின்முதலை விலக்கிவிட்டு, ஓடித் தளரும் மோட்டரின் முனைகளில் மானியை வைத்து எதிர்விசையை நேரே காணலாம். நூலிற் கணக்காக இருந்தது பட்டறையில் முள்ளின் அசைவாயிற்று.

அறிவு பெற்ற பின்னரே ஆபத்தும் தெளிவாயிற்று. எதிர்விசையே மோட்டரைக் காக்கின்றதெனின், அஃதில்லாத தொடக்க நேரத்தில் மோட்டர் காவலற்று நிற்கின்றது. 110 உவோற்றில் இயங்கி, ஆமேச்சர்த் தடை அரை ஓமாகிய பொறி, ஓடும்போது 20 அம்பியரை ஏற்கும். 100 உவோற்றை எதிர்விசை தாங்குகின்றது. நிற்கும்போது அதே முனைகளில் 110 உவோற்றை வாளா கொடுத்தால் 220 அம்பியர் பாயும். தூரிகைகளிற் பொறி பறக்கும், சுருள் கருகும். ஆகவே தொடங்குதடையொன்றை இட்டு, வேகம் கூடக் கூட அதனைப் படிப்படியாக அகற்றும் வழக்கம் வந்தது. 1888 பெப்ரவரியில் வேர்ஜீனியாவின் றிச்மன்ட் நகரில் பிராங்க் ஸ்பிறேக் திறந்த மின்ராம் வண்டிச் சேவையில், செங்குத்தான மேடுகளில் நின்று நின்று புறப்படும் வண்டிகளின் மோட்டர்கள் இத்துன்பத்தை நன்கு அனுபவித்தன. 1891 இல் வாட் லெனாட் என்னும் அமெரிக்கர் வேறொரு வழி கண்டார்: மோட்டருக்கு ஊட்டும் தைனமோவின் விசையையே சுழியத்திலிருந்து மெல்ல உயர்த்தி, அது எப்பொழுதும் மோட்டரின் எதிர்விசைக்குச் சற்றே மேற்பட்டிருக்குமாறு செய்தார். மின்னுயர்த்திகளும் சுரங்கத் தூக்கிகளும் நெடுங்காலம் இம்முறையாற் பணி செய்தன.

பழுது காண்போரைத் திகைக்கவைக்கும் வேறு அளவீடுகளும் இவ்வேரிலிருந்தே பிறப்பன. காந்தப் புலத்தை நலிவித்தால் மோட்டர் தளரும் என்றே எவரும் எண்ணுவர். பாரம் குறைந்த மோட்டரோ விரைவு மிகுகின்றது. நலிந்த புலத்திற் பழைய எதிர்விசையைப் பெறுவதற்கு அது மேலும் விரைந்து சுழலவேண்டியிருத்தலே காரணம். பக்கவழிச் சுருளின் கம்பி அறுந்துவிட்டால், பாரமற்ற பொறி அளவிறந்து விரைந்து தன் ஆமேச்சரையே சிதறடித்தலும் உண்டு. மலையிறங்கும் மின்வண்டியில், சரிவு பொறியை இழுக்கும்போது எதிர்விசை மின்முதலை விஞ்சும். அப்போது அம்பியர்மானி எதிர்ப்பக்கம் திரும்பும், உவோற்றுமானியின் முள்ளோ திசை மாறாது. மின்னோட்டமே திரும்புகின்றது, முனைவுத்தன்மை திரும்புவதில்லை என்பதை அறியாதார் இணைப்புத் தவறென மயங்குவர். இவ்வியல்பையே ஸ்பிறேக் முதலியோர் தடுப்பாகப் பயன்படுத்தினர். இன்றைய மின்கார்களும் தடுக்கும்போது தம் மின்கலத்துக்குச் சக்தியை மீட்பது இதனாலேயே.

மெய்யான பழுதுகளை இவற்றிலிருந்து பிரித்தறியும் முறையும் வரலாறு தந்ததே. நின்ற ஆமேச்சரின் தடையைச் சிறு மின்னோட்டத்தால் அளந்தால், கரித் தூரிகையின் தொடுகை காரணமாக மிகையான அளவும், அச்சைச் சிறிது திருப்பத் திருப்ப வேறுவேறு அளவும் வரும். அதனை நம்பி மின்னோட்டத்தைக் கணக்கிடுதல் கூடாது. மோட்டரை வேறொரு பொறியால் தெரிந்த வேகத்திற் சுழற்றித் திறந்த முனைகளின் உவோற்றளவைக் காணுதலே நம்பத்தக்க சோதனை. நிலைக்காந்த மோட்டரொன்றில் அவ்வளவு குறைந்திருந்தால் காந்தம் நலிந்ததென்றோ சுருளிற் குறுஞ்சுற்று உண்டென்றோ கொள்ளலாம். இக்காலத்தில் மின்னைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான முறை துணித்துத் துணித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவர். அங்கே சாதாரண நேரோட்ட மானி சராசரியையே காட்டும். 24 உவோற்று ஊட்டப்படும் மோட்டரில் 12 உவோற்றைக் கண்டு மின்முதலைக் குறைகூறுவோர், துடிப்பு ஓய்ந்திருக்கும் நேரத்தையும் மானி கணக்கிற் சேர்த்துள்ளது என்பதை மறந்துவிடுகின்றனர்.

தூரிகையற்ற மோட்டர்கள் வந்தபின் இவ்வெதிர்விசைக்கு வேறொரு பணியும் கிடைத்தது. கணினித் தட்டுக்களையும் சிறு விசிறிகளையும் சுழற்றும் இவற்றில் திக்குமாற்றி இல்லை. சுழலி எந்நிலையில் நிற்கின்றதென்று அறிந்து, உரிய சுருளுக்கு உரிய நேரத்தில் மின்னைத் திருப்பும் பணியை இலத்திரன் சுற்று மேற்கொள்கின்றது. மூன்று சுருள்களில் இரண்டுக்கு மின் ஊட்டும்போது மூன்றாவது வாளாவிருக்கும்; அதில் எழும் பின்மின்னியக்க விசை சுழியத்தைக் கடக்கும் கணத்தைக் கொண்டே பல கட்டுப்பாட்டுச் சுற்றுக்கள் சுழலியின் நிலையை உணர்கின்றன. பொறி நிற்கும்போது மாத்திரம் அவ்வளவீடு எழுவதில்லை. ஆதலால் அத்தகைய சுற்றுக்கள் முதற் சில சுற்றுக்களைச் சுழலியின் இடமறியாமலே குறித்த ஒழுங்கில் மின்னூட்டித் தொடங்கி, எதிர்விசை அளவிடத்தக்கதாக எழுந்தபின்னரே அதன்வழி நடக்கத் தலைப்படுகின்றன.